ஐம்பது ஹேர்ட்ஸ் உடன்பாடு: தாயங்களும் ஒரு தீவின் மின்சாரமும்

கொழும்பு வடக்கின் மட்டக்குளிப் பாலத்தில் களனி கங்கையைக் கடந்து ஹெந்தலைப் பக்கமாக வடக்கே சில கிலோமீட்டர் போனால் கெரவலப்பிட்டிய வரும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரத்தில் 300 மெகாவாட் யுகதனவி அனல்மின் நிலையமும் ஓர் உப மின்நிலையமும் அங்கே இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 17 திங்கட்கிழமை, நண்பகல் தாண்டிய வேளையில், அந்த உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையோடு தொடர்பாக ஒரு மனிதத் தவறு நேர்ந்தது. சிறிது நேரத்துக்குள் மட்டக்குளியில் மட்டுமல்ல, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எங்குமே கரண்ட் இல்லை. பல இடங்களில் அது திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தை மறுபடி முழுமையாக இயக்க நாட்கள் பிடித்ததால், அடுத்த சில நாட்களும் சுழற்சி முறையில் மின்வெட்டு.

இது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையும் அல்ல. 2021 டிசம்பர் 3இலும் 2023 டிசம்பர் 9இலும் கொத்மலை–பியகம மின்தொடரில் ஏற்பட்ட கோளாறுகள் தீவை இருட்டாக்கின. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். நாடே சிரித்தது. சிரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மீதியிருந்தது. குரங்கு ஏன் உள்ளே போனது என்பதல்ல அது. பாணந்துறையில் ஒரு மின்மாற்றி பழுதானால் பாணந்துறை இருளட்டும். யாழ்ப்பாணம் ஏன் இருள வேண்டும்?

ஓரிடத்துக் கோளாறு எப்போது அந்த இடத்தோடு நிற்கும், எப்போது முழுவதையும் இழுத்து விழுத்தும் என்ற கேள்விக்குக் கணிதத்தில் ஒரு முகவரி உண்டு: தாயக் கோட்பாடு. தமிழ்நாட்டு வாசகர் இதை அணிக் கோட்பாடு என்று அறிந்திருப்பார். நமது உயர்தர இணைந்த கணித மாணவர்கள் இரண்டுக்கு இரண்டு தாயத்தின் நேர்மாறைக் கண்டுபிடிக்கப் பழகுகிறார்கள். அந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், பரீட்சைக்கு என்பதுதான். கெரவலப்பிட்டிய அதைவிட நல்ல பதில்.

எண்களின் அட்டவணையில் காலம்

தாயம் என்ற கருத்துக்கு வயது அதிகமில்லை. ஆங்கிலக் கணிதர் சில்வெஸ்டர் 1850இல் அதற்குப் பெயரிட்டார். அவரது நண்பர் கேலி 1858இல் அதன் கூட்டல், பெருக்கல் விதிகளை ஒழுங்கான கோட்பாடாக எழுதினார். வரிசையும் நிரலுமாக அடுக்கிய எண்கள் ஒரு கணக்கேட்டைப் போலத் தெரியும். ஆனால் ஒரு தொகுதியின் இன்றைய நிலையை ஒரு காவியாக, அதாவது எண்களின் ஒரு நிரலாக, எழுதி அதைத் தாயத்தால் பெருக்கினால் நாளைய நிலை வருகிறது. திரும்பத் திரும்பப் பெருக்கினால் தொகுதியின் எதிர்காலம் வருகிறது. இயங்கு தொகுதிகளில் தாயத்தின் வேலை இதுதான்.

எல்லாத் திசைகளிலும் எதிர்காலத்தைப் பின்தொடர வேண்டியதில்லை என்பதே பெரிய கண்டுபிடிப்பு. தாயத்தால் பெருக்கினாலும் திசை மாறாமல், நீளம் மட்டும் கூடியோ குறைந்தோ வரும் சில சிறப்புக் காவிகள் உண்டு. அந்த நீளம் எத்தனை மடங்காகிறது என்பதே ஐகன் பெறுமானம். தொடர்ச்சியாக ஓடும் ஓர் ஏகபரிமாணத் தொகுதியில் எல்லா ஐகன் பெறுமானங்களின் மெய்ப்பகுதியும் மறையாக இருந்தால், எந்தத் தொந்தரவும் காலப்போக்கில் கரைந்துவிடும். ஒன்றே ஒன்று நேரானாலும் போதும், சிறிய அசைவு பெரிதாகிக்கொண்டே போகும். கற்பனைப் பகுதி இருந்தால் தொகுதி அலையும். அதன் அளவு அலைவின் வேகத்தைச் சொல்லும்.

நெளிவுசுளிவான உண்மையான தொகுதிகளுக்கு இது பொருந்துமா என்பதை 1892இல் கார்கிவில் வெளியான ஆய்வேட்டில் லியாப்புனோவ் தீர்த்துவைத்தார். ஒரு சமநிலைக்கு மிக அருகில் எந்த மென்மையான தொகுதியும் பொதுவாக ஒரு தாயத்தைப் போலவே நடக்கும். அந்தத் தாயத்தின் எல்லாத் திசைகளும் தணிந்தால் உண்மைத் தொகுதியும் அந்த அயலில் தணியும். “அயலில்” என்ற அந்தச் சொல்லை மறக்கக் கூடாது. இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் அதற்குள்தான் இருக்கிறது.

சுழலிகள் எப்படி ஒத்துப்போகின்றன

1665இல் டச்சு அறிஞர் ஹைஜன்ஸ் நோயில் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சரியாக இசைந்து ஆடுவதைக் கவனித்தார். யாரும் அவற்றுக்குக் கட்டளையிடவில்லை. சட்டத்தின் ஊடாகச் சென்ற நுண்ணிய அதிர்வே அவற்றை இணைத்தது. 1975இல் ஜப்பானியப் பௌதிகவியலாளர் குராமோட்டோ, தத்தம் வேகத்தில் சுழலும் பல அலையிகள் ஒன்றையொன்று இழுக்கும்போது எந்தக் கட்டத்தில் ஒரே தாளத்துக்கு வருகின்றன என்பதற்கு ஒரு மாதிரியைத் தந்தார். தமிழர் ஆய்வுக்கும் இங்கே ஓரிடம் உண்டு. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் கட்டியெழுப்பிய நேரிலா இயக்கவியல் மையம், கொந்தளிப்பான சுற்றுகளைக்கூட ஒத்திசைய வைக்கலாம் என்ற துறையில் பல பத்தாண்டுகள் உழைத்தது. 1994இல் முரளி, லட்சுமணன், சுவா மூவரும் வடிவமைத்த எளிய மின்சுற்று இன்றும் அவர்களின் பெயர்களாலேயே அறியப்படுகிறது.

மின்கட்டமைப்பு இந்தக் கடிகாரங்களின் பெரிய வடிவம். விக்டோரியாவிலும் கொத்மலையிலும் நீரால் சுழலும் மின்பிறப்பாக்கிகள், நுரைச்சோலையில் நீராவியால் சுழல்பவை, கெரவலப்பிட்டியவில் எண்ணெய் எரித்துச் சுழல்பவை எல்லாம் நொடிக்கு 50 சுற்று என்ற ஒரே மின்தாளத்தில் ஓடியாக வேண்டும். மட்டக்குளியில் ஒரு வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் இந்தத் தாளத்தை, அதாவது மீடிறனை, அளந்தாலும் கிளிநொச்சியில் அளந்தாலும் சாதாரண நேரத்தில் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். ஒரு நாடு முழுவதும் இவ்வளவு துல்லியமாக வேறு எந்த விடயத்திலும் ஒத்துப்போவதில்லை.

ஒவ்வொரு மின்பிறப்பாக்கிக்கும் ஒரு வகையீட்டுச் சமன்பாடு எழுதலாம். அதன் சடத்துவத்தை, அதாவது வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மையை, ஆர்முடுகலால் பெருக்கி, அதோடு தணித்தல் விசையைக் கூட்டினால் வருவது, உள்ளே வரும் வலுவுக்கும் வெளியே போகும் வலுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளியே போகும் வலு, அயலிலுள்ள இயந்திரங்களோடு உள்ள கோண வித்தியாசத்தின் சைனைப் பொறுத்தது. இதைச் சுழலியின் ஊசலாட்டச் சமன்பாடு என்பார்கள். இந்தச் சமன்பாடும் குராமோட்டோவின் மாதிரியும் நெருங்கிய உறவுக்காரர்கள் என்பதை 2008இல் ஃபிலட்ரெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் தெளிவாக எழுதிக்காட்டினார்கள். அதற்குப் பிறகு கணிதரும் மின்பொறியியலாளரும் ஒரே மேசையில் உட்காரத் தொடங்கினார்கள்.

கோண வித்தியாசங்கள் சிறிதாக இருக்கும்போது சைனின் இடத்தில் கோணத்தையே வைத்துவிடலாம். உடனே சமன்பாடுகள் மூன்று தாயங்களாகச் சுருங்குகின்றன: சடத்துவத் தாயம், தணித்தல் தாயம், இணைப்புத் தாயம். முதல் இரண்டும் இயந்திரங்களைப் பற்றியவை. மூன்றாவது, யாரோடு யார் எவ்வளவு பலமாக இணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அதற்கு லப்பிளாசியன் என்று பெயர். மின்சுற்று விதிகளால் நமக்குப் பாடசாலையிலேயே அறிமுகமான கேர்ச்சோவ் 1847இலேயே இதைக் கையாண்டிருக்கிறார்.

இரண்டாவது சிறிய எண்

லப்பிளாசியனை எழுதுவது எளிது. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வரிசை. மூலைவிட்டத்தில் அந்தக் கணுவின் இணைப்புகளின் கூட்டுத்தொகை. இணைக்கப்பட்ட கணுக்களின் இடத்தில் மறை எண். மற்ற இடங்களில் பூச்சியம். ஒவ்வொரு வரிசையையும் கூட்டினால் பூச்சியம் வரும். ஆகவே அதன் ஐகன் பெறுமானங்களில் ஒன்று எப்போதும் பூச்சியம். எல்லா இயந்திரங்களும் ஒன்றாகச் சிறிது முன்னே நகர்ந்தால் அவற்றுக்கிடையே எதுவும் மாறாது என்பதுதான் இதன் பொருள். பூச்சியங்கள் இரண்டானால் கட்டமைப்பு இரண்டு துண்டாகப் பிளந்துவிட்டது என்று அர்த்தம்.

பூச்சியத்துக்கு அடுத்து வரும் எண்தான் முக்கியம். 1973இல் செக் கணிதர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் அதன் பண்புகளை ஆராய்ந்து, வலைப்பின்னலின் இயற்கணித இணைப்புத்திறன் என்று பெயரிட்டார். மூன்று உப மின்நிலையங்களை ஒரே வரிசையில் இணையுங்கள். ஐகன் பெறுமானங்கள் 0, 1, 3. முதலாவதையும் கடைசியையும் ஒரு தொடரால் இணைத்து முக்கோணமாக்குங்கள். இப்போது அவை 0, 3, 3. ஒரே ஒரு தொடர், இரண்டாவது எண்ணை மூன்று மடங்காக்கிவிட்டது.

வலைப்பின்னல் பெரிதாகும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. 20 கணுக்களை வரிசையாக இணைத்தால் அந்த எண் சுமார் 0.025. இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு, 0.098. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 20. ஆனால் அதற்கு 190 தொடர்கள் வேண்டும். எந்த மின்சார சபைக்கும் அது கட்டுப்படியாகாது. குறைந்த இணைப்புகளோடு அதிக இணைப்புத்திறனைப் பெற முடியுமா என்று கேட்டால், விடை கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1988இல் லுபொட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் மூவரும் இராமானுஜன் வலைகளைக் கட்டினார்கள். இராமானுஜன் 1916இல் முன்வைத்து 1974இல் டெலீன் நிறுவிய ஓர் ஊகத்தின் மீது அந்தக் கட்டுமானம் நிற்கிறது. ஒவ்வொரு கணுவுக்கும் நான்கே இணைப்புகள் கொண்ட இராமானுஜன் வலையில், கணுக்கள் நூறானாலும் பத்து இலட்சமானாலும் அந்த இரண்டாவது எண் சுமார் 0.536க்குக் கீழே போகாது. வலை பெருகும்போது இதைவிட நன்றாகச் செய்ய இயலாது என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. எண் கோட்பாட்டுக்காரர் ஒருவர் மின்தொடர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் அவற்றின் எல்லையை வரைந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மின்கட்டமைப்பில் இந்த எண் இரண்டு வேலை செய்கிறது. அது சிறிதானால், அதே அளவு வலுவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதற்குக் கோண வித்தியாசம் பெரிதாக வேண்டும். சைன் ஒன்றைத் தாண்டாது என்பதால், கோணம் பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சமநிலையே இருக்காது. இயந்திரங்கள் தாளம் தவறிப் பிரியும். இன்னொன்று, அது சிறிதானால் நாட்டின் ஒரு பகுதி இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து மறுபகுதிக்கு எதிராக மெதுவாக ஊசலாடும். அந்த எண்ணுக்குரிய ஃபீட்லர் காவியில் நேர் எண் பெற்ற கணுக்கள் ஒரு பக்கம், மறை எண் பெற்றவை மறுபக்கம். வலை எந்தக் கோட்டில் எளிதாகக் கிழியும் என்பதை அது காட்டிவிடும்.

கொத்மலை–பியகம தொடர் இரண்டு தடவை தீவை இருட்டாக்கியதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மகாவலியின் நீர்மின் நிலையங்கள் மலைநாட்டில்; பெரும் பாவனையாளர்கள் மேற்குக் கரையில். இரண்டையும் சேர்க்கும் தடித்த தொடர்கள் சிலவே. அவற்றில் ஒன்று போனால் மற்றவற்றின் கோணங்கள் ஒரே நேரத்தில் விரிகின்றன. இடி விழுந்ததா, கம்பி அறுந்ததா என்பது செய்திக்குரிய விடயம். அந்த ஒரு தொடரை எடுத்தால் இரண்டாவது எண் எவ்வளவு விழுகிறது என்பதே பொறியியலுக்குரியது.

இதற்கு எதிர்மாறான பாடம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 2012 ஜூலை 30இல் பீனா–குவாலியர் தொடர் துண்டிக்கப்பட்டு வட இந்தியா இருண்டது. மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பு அது. தமிழ்நாடு தப்பியது. தமிழ்நாட்டு மின்வாரியம் திறமையாக நடந்துகொண்டதால் அல்ல. அப்போது தென்னகக் கட்டமைப்பு மற்றவற்றோடு நேரோட்டத் தொடர்களால் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது. நேரோட்டத்தில் வலு போகும், தாளம் போகாது. லப்பிளாசியனின் மொழியில் அது இணைப்பே அல்ல. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தொடர் வழியாகத் தென்னகமும் ஒரே தாளத்துக்குள் வந்தது. அன்றிலிருந்து அது அதிக உதவியைப் பெறுகிறது, கூடவே அதிக ஆபத்தையும். இலங்கையும் இந்தியாவும் கடலுக்கடியில் இணைவதற்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்திருக்கின்றன. பேசப்படுவது நேரோட்டத் தொடர்தான். இந்தியா நமக்கு வலுவைத் தரும். ஆனால் அங்கே சுழலும் பேரியந்திரங்களின் சடத்துவம் தானாக நமக்கு வந்து சேராது.

குரங்கு மட்டும் காரணமா

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. பாவனை குறைந்த நாள், வெயில் நிறைந்த முற்பகல். மின்சார சபை பின்னர் தந்த விளக்கத்தின்படி, அந்த வேளையில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி சூரியனிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டம் கூரைகளுக்குப் பெருமளவில் சோலார் தட்டுகளைக் கொண்டுவந்தது. அது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கூரை மேலிருந்து வரும் மின்சாரம் இன்வேர்ட்டர் வழியாக வருகிறது. அங்கே சுழல்வது எதுவுமில்லை. சடத்துவத் தாயத்தின் மூலைவிட்டத்தில் அதற்குரிய எண் பூச்சியம்.

ஒரு சிறு கணக்கு. 50 ஹேர்ட்ஸில் ஓடும் கட்டமைப்பு திடீரென்று தன் உற்பத்தியில் 10 சதவீதத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுழலும் இயந்திரங்களில் ஐந்து நொடிக்குப் போதுமான சக்தி சேமிப்பில் இருந்தால், மீடிறன் நொடிக்கு 0.5 ஹேர்ட்ஸ் வீதம் விழத் தொடங்கும். அந்தச் சேமிப்பு இரண்டு நொடிக்கு மட்டும் என்றால் 1.25 ஹேர்ட்ஸ் வீதம் விழும். பாதுகாப்புக் கருவிகள் விழித்து, சில பகுதிகளைத் துண்டித்து, மீதியைக் காப்பாற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. வேகமான வீழ்ச்சியைக் கண்ட இன்வேர்ட்டர்களும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் துண்டித்துக்கொண்டால், இழப்பு இன்னும் பெருகும். நுரைச்சோலையில் ஓர் அலகு 300 மெகாவாட். நாட்டின் உச்சத் தேவையே சில ஆயிரம் மெகாவாட்தான். ஞாயிறு பகலில் அது வெகு குறைவு. பெரிய இயந்திரத்தைச் சிறிய கட்டமைப்பில் வைப்பதன் விலை இது. அன்று நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் துண்டித்துக்கொண்டன. மறுபடி அடுத்த நாட்களில் மின்வெட்டு.

குரங்கு செய்தது ஒரு தொந்தரவு. தொந்தரவுகள் எப்போதும் வரும்: இடி, காகம், பட்டம், உப்புக்காற்று. மட்டக்குளியின் காக்கைதீவுக் கடற்கரையை அண்டி வாழ்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தொந்தரவின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் விசாரணை முடிந்ததாக நினைப்பது நமது பழக்கமாகிவிட்டது. 2020இல் ஓர் ஊழியர், 2025இல் ஒரு குரங்கு. தாயக் கோட்பாடு இந்தப் பழக்கத்துக்கு எதிரானது. அது தொந்தரவை வலது பக்கத்தில் ஒரு காவியாக வைத்துவிட்டு, இடது பக்கத்துத் தாயத்தைப் பார்க்கச் சொல்கிறது.

சொல்லாமலே ஒத்துழைப்பது

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நெருங்கியபோது அதிகாரிகளுக்கு அதே பயம் வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும், வெயில் அடிக்கும், சடத்துவம் இருக்காது. கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகல்நேரத்தில் அதைத் தாமாகவே நிறுத்திவைக்க வேண்டும் என்று கோரிக்கை விடுத்தார்கள். இங்கே இயந்திரங்களின் ஒத்திசைவுச் சிக்கல் மனிதர்களின் ஒத்துழைப்புச் சிக்கலாக மாறிவிட்டது.

மனிதர்கள் எப்படி ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள் என்பதற்கும் தாய மாதிரிகள் உண்டு. 1974இல் அமெரிக்கப் புள்ளிவிவரவியலாளர் டிகுரூட் எழுதிய மாதிரியில், ஒவ்வொருவரும் தன் கருத்தையும் தான் நம்பும் அயலாரின் கருத்துகளையும் நிறையிட்டுச் சராசரி எடுத்துத் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறார். நிறைகளை ஒரு தாயமாக எழுதினால் ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கும். பெரோன் 1907இலும் ஃப்ரொபேனியஸ் 1912இலும் நேர் எண் தாயங்களைப் பற்றி நிறுவியவை இங்கே பயன்படுகின்றன. யாரும் தனித்து விடப்படாமல் ஒருவரை ஒருவர் எப்படியோ எட்ட முடிந்தால், பொதுவாக எல்லோரும் ஒரே கருத்துக்கு வருவார்கள். அந்தப் பொதுக் கருத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தத் தாயத்தின் இடப்பக்க ஐகன் காவி சொல்லும். கூகிள் தேடலின் தொடக்ககால வரிசைப்படுத்தலும் இதே வகைக் காவிதான்.

இணைப்புகள் நாளுக்கு நாள் மாறினால்? 2003இல் ஜத்பாபாய், லின், மோர்ஸ் மூவரும், பறவைக் கூட்டம் போல அயலார் மாறிக்கொண்டே இருந்தாலும், குறித்த காலத்துக்குள் சேர்த்துப் பார்க்கும்போது எல்லோரும் இணைந்திருந்தால் உடன்பாடு வரும் என்று நிறுவினார்கள். அதற்கு அவர்கள் எடுத்தாண்டது 1963இல் வோல்ஃபோவிட்ஸ் தந்த தாயப் பெருக்கல் தேற்றம். எல்லாமே இப்படி இனிதாக முடிவதில்லை. இரண்டே இரண்டு தாயங்களை எந்த ஒழுங்கில், எத்தனை தடவை பெருக்கினாலும் விடை கட்டுக்குள் இருக்குமா என்ற கேள்வியை எந்தக் கணினி நிரலாலும் பொதுவாகத் தீர்க்க முடியாது என்று 2000இல் புளோண்டெலும் சிட்சிக்லிஸும் காட்டிவிட்டார்கள். தாயம் என்றால் கணினிக்குள் போட்டால் விடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் கூரை உரிமையாளர்களின் சிக்கல் கருத்து மாற்றத்தில் இல்லை. நிறுத்துபவர் தன் வருமானத்தை இழக்கிறார். நிறுத்தாத அயலவரும் அதே பாதுகாப்பைப் பெறுகிறார். இந்த இலாப நட்டத்தை ஓர் அட்டவணையில் எழுதினால், கோரிக்கை மட்டும் ஏன் போதாது என்பது உடனே தெரியும். இந்த வேலையைத் தொலைபேசிக் குறுஞ்செய்தியிடம் விடுவதைவிட இன்வேர்ட்டரிடமே விடுவது நல்லது என்பது என் கருத்து. மீடிறன் 50க்கு மேலே ஏறும்போது உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும்படி அதை அமைக்கலாம். நீர்மின் நிலையங்கள் நெடுங்காலமாகச் செய்வது இதைத்தான். மீடிறன் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேரும் அறிவிப்பு. அதை வாசிக்கத் தெரிந்த கருவிக்கு வேறு கட்டளை வேண்டாம். மின்கலச் சேமிப்போடு சேர்ந்து, சுழலியைப் போலத் தாளத்தைத் தாமே தாங்கும் புதிய வகை இன்வேர்ட்டர்களும் வந்துவிட்டன. அவற்றால் சடத்துவத் தாயத்தில் பூச்சியமாகிப்போன இடங்களை மறுபடி நிரப்பலாம்.

கொழும்பு வடக்கில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இதே கணிதத்தின் இன்னொரு முகத்தை நாளாந்தம் பார்க்கிறார்கள். வெகுநேரம் ஒன்றும் வராது. வந்தால் இரண்டு சேர்ந்து வரும். 1964இல் நியுவெல், பொட்ஸ் இருவரும் இதற்குக் காரணம் சொன்னார்கள். சிறிது தாமதித்த பஸ்ஸுக்குத் தரிப்பிடத்தில் கூட்டம் அதிகம். ஏற்றி இறக்க மேலும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கூட்டம் குறைவு, அது எட்டிப் பிடிக்கிறது. தாமதங்களின் தாயத்தில் வளரும் திசை ஒன்று உள்ளேயே இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பார்த்துச் சற்று நின்று புறப்பட்டால் அது தணிந்துவிடும். வருமானம் ஏற்றிய ஆட்களைப் பொறுத்தது என்ற முறை இருக்கும்வரை எந்தச் சாரதி நின்று புறப்படுவார்?

தாயம் எங்கே கைவிடுகிறது

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, லியாப்புனோவின் “அயலில்”. ஐகன் பெறுமானங்கள் சிறிய தொந்தரவுக்கே உத்தரவாதம் தருகின்றன. கெரவலப்பிட்டியவில் நேர்ந்தது சிறிய தொந்தரவு அல்ல. பெருந்தொந்தரவுக்குப் பிறகு தொகுதி அதே சமநிலைக்குத் திரும்புமா என்பதை அறிய, சக்தி போன்ற ஒரு சார்பைக் கட்டிப் பார்க்க வேண்டும், அல்லது கணினியில் ஒவ்வொரு விபத்தாக ஓட்டிப் பார்க்க வேண்டும். 2013இல் டொர்ஃப்லர், செர்ட்கோவ், புல்லோ மூவரும் லப்பிளாசியனின் போலி நேர்மாறைக் கொண்டு ஒத்திசைவுக்கு ஒரு சுருக்கமான நிபந்தனை தந்தார்கள். பெரும்பாலான வலைகளில் அது நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் அது சமநிலை இருக்கிறதா என்பதைச் சொல்கிறதே தவிர, விழுந்த பின் அங்கே திரும்பிப் போக முடியுமா என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாவது, இணைப்பைக் கூட்டினால் எப்போதும் நல்லது என்பதும் உண்மையல்ல. 2012இல் விட்ஹவுட், டிம்மே இருவரும் ஒரு புதிய தொடரைச் சேர்ப்பதே ஒத்திசைவைக் குலைக்கும் வலைகளைக் காட்டினார்கள். லப்பிளாசியனின் இரண்டாவது எண் கூடியும் சைன் எல்லை வேறொரு தொடரில் மீறப்படலாம். மூன்றாவது, எல்லாத் திசைகளும் கடைசியில் தணிந்தாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தில்லாத ஐகன் காவிகள் இடையில் தொந்தரவைப் பல மடங்கு பெரிதாக்கிவிடலாம். நீரோட்டங்கள் ஏன் எதிர்பார்த்ததைவிட முன்பே கொந்தளிக்கின்றன என்பதற்கு டிரெஃபெதன் குழு 1993இல் இதைத்தான் காரணமாகக் காட்டியது.

எல்லாவற்றிலும் கசப்பானது நான்காவது. 1996 ஆகஸ்ட் 10இல் மேற்கு அமெரிக்கக் கட்டமைப்பில் மெதுவான ஊசலாட்டம் வளர்ந்து வளர்ந்து கட்டமைப்பையே துண்டுகளாக்கியது. பிறகு திட்டமிடுவோரின் கணினி மாதிரியில் அதே நிகழ்வை ஓட்டிப் பார்த்தபோது, ஊசலாட்டம் அமைதியாகத் தணிந்தது. சமன்பாட்டில் பிழையில்லை. தாயத்துக்குள் போட்ட எண்கள் உண்மையான இயந்திரங்களின் எண்களாக இல்லை. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருளுவதற்கு முந்திய அரை மணி நேரத்திலும் ஊசலாட்டங்கள் தெரிந்தன. பின்னர் மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியது. செல்வந்த நாடுகளுக்கும் இது தீர்ந்துபோன சிக்கல் அல்ல.

ஆகவே நமது கட்டமைப்புக்குத் தேவைப்படுவது புதிய தேற்றமல்ல, சரியான எண்கள். ஒவ்வொரு மணிக்கும் சுழலும் சடத்துவம் எவ்வளவு, எந்தத் தொடரை எடுத்தால் எந்தக் கோணம் எவ்வளவு விரிகிறது, இயந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்மையில் எவ்வளவு விரைவாகப் பதிலளிக்கின்றன என்பவற்றை அளந்து பதிந்து, பல்கலைக்கழகங்களுக்கு எட்டும்படி வெளியிட வேண்டும். மொறட்டுவையிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பொறியியல் பீடங்கள் இருக்கின்றன; அந்த எண்கள் கையில் கிடைத்தால் இந்தத் தாயங்களை எழுதிச் சரிபார்க்க மாணவர்கள் இருக்கிறார்கள்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தீவு முழுவதும் கரண்ட் போய், விசாரணை அறிக்கை வரும்போது, தவறு செய்தவரின் பெயரையோ மிருகத்தின் பெயரையோ தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த நொடியில் கட்டமைப்பில் சுழன்றுகொண்டிருந்த சடத்துவம் எவ்வளவு என்று அந்த அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் கேளுங்கள்.